ஏறிய இடம் வேறு, விழுந்த இடம் வேறு: ஒரு மாடல் ரயில் பாயிண்ட்டில் தொடர்ந்த தடம்புரளல்கள்

பின்னணி

சென்னையில் ஒரு வீட்டின் மொட்டை மாடி அறை. கூரை சிமென்ட் ஷீட். அதற்குள் 12 மி.மீ. பிளைவுட் மேல் அமைத்த மாடல் ரயில் பாதை. வீட்டுக்காரர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பத்து வருடங்களாகச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கட்டியது இது. அளவு ஹெச்.ஓ., அதாவது நிஜத்தில் 87ல் ஒரு பங்கு. தண்டவாளங்களுக்கு இடையே 16.5 மி.மீ.

நம்மூர் ரயில் பிரியர்களுக்கு இந்த 16.5ல் ஒரு மனக்குறை உண்டு. அது வெளிநாடுகள் பலவற்றில் உள்ள 1435 மி.மீ. கேஜை 87ஆல் வகுத்து வந்த அளவு. நம் பிராட்கேஜ் 1676 மி.மீ.; அதை வகுத்தால் 19.3 வரும். ஆனால் கடையில் கிடைப்பது 16.5தான் என்பதால் எல்லோரும் அதிலேயே ஓட்டுகிறோம்.

ஸ்டேஷனுக்குள் நுழையும் இடத்தில் மூன்றாம் எண் பாயிண்ட் இருக்கிறது. மெயின் லைனிலிருந்து லூப் லைன் இடப்பக்கம் பிரியும் இடம் அது. ஒரு மாலை நேரத்துக்கு மூன்று நான்கு தடவையாவது அங்கே வண்டி தடம் புரளும். இது ஏழெட்டு மாதங்களாக நடந்துகொண்டிருந்தது. நான் கூப்பிடப்பட்டது நவம்பர் மாதம், நல்ல மழைக்காலத்தில்.

எனக்கு முன்பே அவர் மூன்று வேலைகள் செய்திருந்தார். பாயிண்ட்டின் நாக்கை (நகரும் கூர்மையான தண்டவாளத்தை ரயில்வேக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள்) அரத்தால் லேசாக ராவினார். ஸ்பிரிங்கை இறுக்கினார். எதுவும் பலிக்காததால், செப்டம்பரில் பழைய பாயிண்ட்டைப் பிடுங்கிவிட்டு வேறொரு தயாரிப்பாளரின் புதுப் பாயிண்ட்டை வெளிநாட்டிலிருந்து வரவழைத்துப் போட்டார். அதற்கு அப்புறமும் புரண்டது. "பாயிண்ட்டையே மாத்தியாச்சு சார், இனி என்ன பண்றது? பலகையையே பிரிச்சிடலாமான்னு பார்க்கறேன்" என்றார்.

பழைய பாயிண்ட்டை அவர் தூக்கிப் போடாமல் மேஜை டிராயரில் வைத்திருந்தார். பின்னால் அது மிகவும் உதவியது.

முதல் நாள்: எண்ணிப் பார்த்தது

"எல்லா வண்டியும் அங்கேதான் விழுது" என்பதுதான் அவர் சொன்ன புகார். எந்த வேகன், எந்தத் திசை, எந்த லைன் என்று கேட்டால் பதில் இல்லை. எதையும் தொடாமல் முதலில் எண்ணுவோம் என்று முடிவு செய்தோம். ஒவ்வொரு வேகனின் அடியிலும் ஒரு சிறு எண் ஒட்டினோம். அவருடைய பேரன், 11 வயது, நோட்டில் எழுத உட்கார்ந்தான்.

பத்து வேகன் கொண்ட வண்டியை நூறு முறை அந்தப் பாயிண்ட் வழியாக ஓட்டினோம். ஃபேசிங் திசையில், அதாவது நாக்கின் நுனியை முதலில் சந்திக்கும் திசையில், மெயினுக்கு 25, லூப்புக்கு 25. டிரெய்லிங்கில், அதாவது எதிர்ப்பக்கமிருந்து, அதேபோல் 25, 25. மொத்தம் 14 தடம்புரளல்கள். ஃபேசிங்கில் லூப்புக்குப் போகும்போது 7, மெயினுக்குப் போகும்போது 4, டிரெய்லிங்கில் 3.

வேகன் வாரியாகப் பார்த்தபோது படம் மாறியது. 14ல் 8 மூன்றே மூன்று பழைய பிரிட்டிஷ் வேகன்கள். 4 ஒரே ஒரு நீளமான நான்கு சக்கர மூடுவேகன். மீதி 2 வெவ்வேறு வேகன்கள், இரண்டும் லூப்புக்குப் போகும்போது. "எல்லா வண்டியும்" அல்ல. பத்தில் நான்கு வண்டிகளே 12 முறை புரண்டிருக்கின்றன.

முதல் தவறு, இது எங்களுடையது

அன்று இரவே எனக்கு அவசரம். பிரிட்டிஷ் வேகன்களைக் கையில் எடுத்தபோது மிகவும் லேசாக இருந்தன. ஒவ்வொன்றும் 60, 65 கிராம். அமெரிக்காவில் 1935ல் தொடங்கிய தேசிய மாடல் ரயில் சங்கம் (என்.எம்.ஆர்.ஏ.) ஹெச்.ஓ. வேகன்களின் எடைக்கு ஒரு பரிந்துரை வைத்திருக்கிறது: அடிப்படையாக ஒரு அவுன்ஸ், அப்புறம் நீளத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். கிராமில் சொன்னால் 28, அதோடு அங்குலத்துக்கு 14. ஐந்தரை அங்குல வேகன் சுமார் 106 கிராம் இருக்க வேண்டும்.

சரி, எடை குறைவுதான் காரணம் என்று நினைத்து, பத்து வேகனிலும் போல்ட் நட்டுகளை ஒட்டினோம். அதே உட்காரலில் பாயிண்ட்டின் நாக்கையும் பார்த்தேன். நாக்கு பக்கத் தண்டவாளத்தோடு ஒட்டியிருக்கும்போது இடையில் ஒரு காகிதத் துண்டைச் செருகினால் அது பிடித்துக்கொள்ள வேண்டும். இங்கே இரண்டாக மடித்த காகிதம் சுலபமாக உருவி வந்தது. நாக்குகளை இணைக்கும் குறுக்குப் பட்டைக்கு அடியில் ஒரு ஜல்லித் துணுக்கு பசையோடு ஒட்டிக்கிடந்தது. ஊசியால் நெம்பி எடுத்தேன்.

மறுபடி நூறு ஓட்டம். 14 என்பது 10 ஆனது. அந்த "மீதி 2" மறைந்தது, அது ஜல்லியின் வேலை என்று ஓரளவு ஊகிக்கலாம். பிரிட்டிஷ் வேகன்கள் 8லிருந்து 7, மூடுவேகன் 4லிருந்து 3. இந்தக் குறைவு எடையாலா, ஜல்லியாலா, இல்லை தற்செயலா? இரண்டையும் ஒரே நாளில் மாற்றியதால் சொல்ல முடியவில்லை. அது மட்டுமல்ல, எடை கூடியதால் ஏற்றத்தில் எஞ்சின் சக்கரம் வழுக்க ஆரம்பித்தது. பிறகு ஏழு வேகனிலிருந்து நட்டுகளைப் பெயர்த்தெடுக்க வேண்டியிருந்தது. பிரிட்டிஷ் வேகன் மூன்றில் மட்டும் விட்டுவைத்தோம்.

மை தடவிய நாள்

வீட்டுக்காரரின் பக்கத்துத் தெருவில் ரயில்வேயில் பி.டபிள்யூ.ஐ.யாக, அதாவது தண்டவாளப் பராமரிப்பு ஆய்வாளராக, இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். பொம்மை ரயிலுக்கெல்லாம் வருவாரா என்று தயங்கித்தான் கூப்பிட்டோம். வந்தவர் நாற்காலியில் உட்காரவே இல்லை. குனிந்து பாயிண்ட்டின் மட்டத்துக்குக் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "விழுந்த இடத்தை விடுங்க. சக்கரம் ஏறின இடம் எங்கே?" என்றார்.

நிஜ ரயில்வேயில் தடம்புரளல் விசாரணை அங்கிருந்துதான் தொடங்கும். சக்கரத்தின் விளிம்பு, அதாவது ஃபிளாஞ்ச், முதலில் தண்டவாளத்தின் மேல் ஏறுகிறது. கொஞ்ச தூரம் தலைமேலேயே ஓடுகிறது. பிறகு அந்தப் பக்கம் விழுகிறது. ஏறிய இடத்தில்தான் காரணம் இருக்கும். விழுந்த இடம் வெறும் விளைவு.

அவர் யோசனைப்படி தண்டவாளத்தின் தலையில் நீல மார்க்கர் மையைத் தடவினோம். பாயிண்ட்டில் மட்டுமல்ல, அதற்கு முன்னால் 30 செ.மீ. வரைக்கும். எனக்கு அது வீண் வேலையாகத் தோன்றியது. பேரன் மொபைலை பாதையின் மட்டத்தில் வைத்து ஸ்லோமோஷனில் எடுத்தான். ஒவ்வொரு புரளலுக்குப் பிறகும் மையில் கீறல் எங்கே தொடங்குகிறது என்று பார்த்துவிட்டு, துடைத்து மறுபடி தடவினோம்.

இரண்டு விதமான கீறல்கள் வந்தன.

பிரிட்டிஷ் வேகன்கள் பாயிண்ட்டின் மூக்குக்கு எதிரே, செக் ரெயில் இருக்கும் இடத்தில் ஏறின. (தண்டவாளங்கள் குறுக்கே வெட்டிக்கொள்ளும் முனைக்கு மூக்கு என்று பெயர். சக்கரம் அந்த இடத்தில் தப்பான பக்கம் போகாதபடி எதிர்ப்பக்கச் சக்கரத்தை உள்ளிருந்து பிடிப்பதுதான் செக் ரெயில். "நாக்கு, மூக்கு, ரெண்டும் ஒழுங்கா இருந்தா பாயிண்ட்டுக்கு வேற நோய் வராது" என்றார் பெரியவர்.) ஸ்லோமோஷனில் இன்னொன்றும் தெரிந்தது: அந்த மூன்று வேகன்களும் விழும்போது மட்டுமல்ல, ஒவ்வொரு முறை கடக்கும்போதும் அங்கே துள்ளின. பெரும்பாலும் சரியாக இறங்கிவிட்டன.

நீள மூடுவேகன்தான் எங்களை ஆச்சரியப்படுத்தியது. அது ஏறிய இடம் பாயிண்ட்டிலேயே இல்லை. பாயிண்ட்டுக்கு 12 செ.மீ. முன்னால், இரண்டு பலகைகள் சேரும் இடத்தில் ஏறியிருந்தது. அங்கேயே விழுந்து, பிளாஸ்டிக் ஸ்லீப்பர்களின் மேல் சத்தமில்லாமல் ஓடி, நாக்கைச் சந்தித்தபோதுதான் குறுக்கே திரும்பி மற்ற வேகன்களையும் இழுத்துச் சாய்த்திருக்கிறது. பார்ப்பவர் கண்ணுக்குப் படுவது அந்தக் கடைசிக் கட்டம்தான். பாயிண்ட்டின் மேல் பழி விழுந்ததும் அதனால்தான்.

அளந்தது

டிஜிட்டல் காலிப்பரை எடுத்தோம். முக்கியமான அளவு ஒரு அச்சிலுள்ள இரண்டு சக்கரங்களின் உள்முகங்களுக்கு இடையேயான தூரம். பெரியவர் இதைக் கேட்டதும், "எங்க பிராட்கேஜ்ல 1600. ஒண்ணு ரெண்டு மி.மீ.க்கு மேல மாறினா வண்டியை வெளியே விட மாட்டோம்" என்றார். ஹெச்.ஓ.வில் இது சுமார் 14.4 மி.மீ. இருக்க வேண்டும்.

மற்ற வேகன்கள் 14.35க்கும் 14.45க்கும் நடுவே இருந்தன. மூன்று பிரிட்டிஷ் வேகன்களின் ஆறு அச்சுகளும் 13.8, 13.9. பிரிட்டிஷ் ஓ.ஓ. அளவு 76ல் ஒரு பங்கு என்றாலும் அதே 16.5 மி.மீ. பாதையில் ஓடும், அதனால்தான் பலர் இரண்டையும் கலந்து ஓட்டுகிறார்கள். ஆனால் அந்தப் பழைய சக்கரங்கள் தடித்த ஃபிளாஞ்சும் குறுகலான இடைவெளியும் கொண்டவை.

இப்போது புதுப் பாயிண்ட். செக் ரெயில் பக்கம் ஃபிளாஞ்ச் போகும் சந்து 1.25 மி.மீ., மூக்குப் பக்கமும் 1.25. 16.5லிருந்து இரண்டையும் கழித்தால் 14.0. இரண்டு சக்கரங்களும் இந்த 14.0 மி.மீ. அகலமான பகுதியை நடுவில் விட்டு இருபுறமும் போக வேண்டும். 14.4 சக்கரம் தாராளமாகப் போகும். 13.9 சக்கரம் போக முடியாது. கவ்விக்கொண்டு மேலே எழும்பும். துள்ளலுக்குக் காரணம் இதுதான்.

செப்டம்பருக்கு முன்பு ஏன் புரண்டது?

இந்த இடத்தில் வீட்டுக்காரர் ஒரு நியாயமான கேள்வி கேட்டார். பழைய பாயிண்ட்டிலும் இதே மாதிரிதானே புரண்டது, அதற்கும் இந்தச் சக்கரங்கள்தான் காரணமா?

எங்களிடம் பழைய கணக்கு இல்லை. ஆனால் பேரனிடம் இருந்தது. தாத்தாவின் வண்டி கவிழும்போதெல்லாம் சிரிப்பதற்காக மொபைலில் பிடித்து வைத்திருந்தான். செப்டம்பருக்கு முந்தைய ஆறு வீடியோக்கள். ஆறில் ஐந்தில் விழுவது பிரிட்டிஷ் வேகன்கள் அல்ல. அமெரிக்க பாக்ஸ்கார்கள் (பெட்டி போன்ற மூடிய சரக்கு வேகன்கள்), அதாவது சக்கர அளவு சரியாக இருந்தவை!

டிராயரிலிருந்து பழைய பாயிண்ட்டை எடுத்து அளந்தோம். சந்து இரு பக்கமும் 1.5 மி.மீ. செக் ரெயிலின் முகத்திலிருந்து எதிரே மூக்கு வரை 16.5 கழித்தல் 1.5, அதாவது 15.0. சரியான சக்கரத்தின் உள்ளளவு 14.4, ஃபிளாஞ்சின் தடிமன் சுமார் 0.76, கூட்டினால் 15.16. செக் ரெயில் எவ்வளவு இழுத்துப் பிடித்தாலும் ஃபிளாஞ்ச் மூக்கில் 0.16 மி.மீ. இடிக்கும். ஃபிளாஞ்ச் உருண்டையானது, மூக்கும் மழுங்கியது என்பதால் பெரும்பாலும் "டக்" என்ற சத்தத்தோடு தப்பிக்கும். பின்னாலிருந்து தள்ளும்போதோ, வேகம் கூடும்போதோ ஏறிவிடும். அதே பாயிண்ட்டில் குறுகலான பிரிட்டிஷ் சக்கரம், ஃபிளாஞ்ச் 0.9 என்று வைத்தாலும், 13.9 கூட்டல் 0.9 என்பது 14.8. இடிக்காமல் போய்விடும்.

ஆக, பழைய பாயிண்ட் நல்ல சக்கரங்களைத் தள்ளியது, குறுகலானவற்றை விட்டது. புதுப் பாயிண்ட் நல்லவற்றை விட்டது, குறுகலானவற்றைத் தள்ளியது. இரண்டு காலத்திலும் ஒரு மாலைக்கு மூன்று நான்கு என்ற எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றாகவே இருந்ததால், எதுவும் மாறவில்லை என்று அவருக்குத் தோன்றியது. உண்மையில் எல்லாமே மாறியிருந்தது. விழுந்தவை வேறு வண்டிகள்.

கணக்கு சரியா என்று பார்க்க, பழைய பாயிண்ட்டை ஒரு பலகைத் துண்டில் பொருத்தி, இருபுறமும் பாதை இணைத்து, வேகன்களைக் கையால் தள்ளினோம். பாக்ஸ்கார் மூக்கில் தட்டியது. பிரிட்டிஷ் வேகன் வழுக்கிக்கொண்டு போனது. செக் ரெயிலின் முகத்தில் 0.25 மி.மீ. பிளாஸ்டிக் பட்டை ஒன்றை ஒட்டி சந்தை 1.25 ஆக்கியதும் பாக்ஸ்காரின் தட்டல் நின்றது.

எடுத்த முடிவுகள்

பாயிண்ட்டைத் தொடுவதா, சக்கரத்தைத் தொடுவதா? புதுப் பாயிண்ட்டின் செக் ரெயிலைச் சீவி, 13.9 சக்கரத்துக்கு வழிவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. வீட்டுக்காரருக்கு அதில் ஆசை இருந்தது. மூன்று வேகன்களும் அவர் முதன்முதலில் வாங்கியவை. ஆனால் அப்படிச் செய்தால் பழைய பாயிண்ட்டின் நிலைமைக்கே திரும்பிப் போவோம், மற்ற எல்லா வண்டிகளும் இடிக்கும். எனவே சக்கரம்.

14.4 மி.மீ.க்கு வெட்டிய ஒரு பித்தளைத் துண்டை அளவுகோலாக வைத்து, அச்சைப் பிடித்துச் சக்கரத்தைத் திருகியபடி வெளியே நகர்த்தினோம். ஆறு அச்சில் நான்கு ஒத்துழைத்தன. இரண்டில் சக்கரம் தளர்ந்துவிட்டது. அவற்றுக்குப் புது அச்சும் சக்கரமும் போட்டோம். இந்த முறை வேறு எதையும் மாற்றவில்லை. நூறு ஓட்டம்: 10 என்பது 4 ஆனது. பிரிட்டிஷ் வேகன்கள் பூஜ்யம். மூடுவேகன் 3, வேறொன்று 1.

அடுத்தது பலகை மூட்டு. இரும்பு ஸ்கேலை வைத்துப் பார்த்தபோது, மழை ஈரத்தில் ஒரு பிளைவுட் ஓரம் புடைத்து, ஒரு பக்கத் தண்டவாளம் மட்டும் 10 செ.மீ. தூரத்துக்குள் 0.8 மி.மீ. இறங்கியிருந்தது. பெரியவர் பார்த்தவுடனே "ட்விஸ்ட்" என்றார். மூடுவேகனின் இரண்டு அச்சுகளுக்கு இடையே தூரமும் ஏறக்குறைய 10 செ.மீ.; அச்சுகளில் ஆட்டமே கிடையாது. முறுக்கிய தரையில் வைத்த நாற்காலி போல மூன்று கால் ஊன்றி ஒரு கால் தொங்கும். தொங்குவது 0.8 மி.மீ., ஃபிளாஞ்சின் ஆழமோ 0.64 மி.மீ.தான். அந்த ஒரு கணம் அந்தச் சக்கரத்துக்கு வழிகாட்ட எதுவுமே இல்லை. நான்கு சக்கரம் கொண்ட போகிகள் (வேகனின் அடியில் சக்கரங்களைத் தாங்கும் தனிச் சட்டங்கள்) தனித்தனியாக ஆடுவதால் பாக்ஸ்கார்கள் இதே இடத்தைப் பாதிப்பில்லாமல் கடந்தன.

ஜல்லியை ஒட்டியிருந்தது தண்ணீர் கலந்த ஃபெவிகால் என்பதால் ஈரத்துணி போட்டு அரைமணி நேரம் வைத்ததும் இளகியது. பாதையைத் தூக்கி, விசிட்டிங் கார்டைத் துண்டாக்கிப் படிப்படியாக அடியில் கொடுத்து மட்டம் செய்தோம். நூறு ஓட்டத்தில் 1. அந்த ஒன்று, முந்தைய சுற்றிலும் விழுந்த அதே பாக்ஸ்கார், லூப்பிலிருந்து பின்னால் தள்ளும்போது. போகி திருகு இறுகியிருந்தது. கால் சுற்று தளர்த்தினோம். அடுத்த நூறில் ஒன்றுமில்லை.

மே மாதம்

டிசம்பரோடு கதை முடிந்தது என்றுதான் நினைத்தோம். கத்திரி வெயிலில் ஒரு மதியம் போன் வந்தது: "மறுபடி அதே பாயிண்ட் சார்."

நோட்டைப் பார்த்தால் காலையில் ஓட்டம் சுத்தம். மதியம் இரண்டு மணிக்கு மேல்தான் பிரச்சினை, வண்டி எதுவானாலும். அறையில் காலை 28 டிகிரி, மதியம் 43. பாயிண்ட்டுக்கு முந்தைய 4 மீட்டர் நேர்பாதையின் எல்லா இணைப்பையும் அவர் சால்டர் வைத்து ஒட்டியிருந்தார். நிக்கல் சில்வர் தண்டவாளம் இந்த 15 டிகிரி வித்தியாசத்துக்குச் சுமார் 1 மி.மீ. நீளும். நீள இடமில்லாததால் பாயிண்ட்டின் வாயிலில் பக்கவாட்டில் ஒரு முழங்கை போல வளைந்திருந்தது. இரண்டு இடத்தில் சால்டரை எடுத்து, இடைவெளி விட்டு, மின்சாரத்துக்குத் தனி வயர் கொடுத்தோம். பெரியவருக்கு இது புதிதல்ல. நாற்பது வருடம் கோடையில் தண்டவாளத்தோடு போராடியவர்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

மறுபடி ஒரு வீட்டுக்கு இதே புகாருக்குப் போனால், முதல் வேலை வேகனுக்கு எண் ஒட்டுவதும் நோட்டும்தான்; இதை மாற்ற மாட்டேன். ஆனால் எடை போடும் முன் சக்கரம் அளப்பேன். பத்து வேகனின் சக்கரங்களை அளக்க கால் மணி நேரம் போதும். எனக்கு அது தோன்ற மூன்று வாரம் ஆனது. மையைப் பாயிண்ட்டுக்கு வெளியேயும் தடவச் சொன்ன பெரியவர் இல்லாவிட்டால், மூடுவேகனுக்காக நாங்கள் நாக்கை இன்னும் ராவிக்கொண்டிருப்போம். புதுப் பாயிண்ட் வாங்கும் முன் பழையதை அளந்திருந்தால், 0.25 மி.மீ. பிளாஸ்டிக் பட்டையில் பாதி வேலை முடிந்திருக்கும் என்பதை வீட்டுக்காரரிடம் நான் சொல்லவில்லை. அவரே கண்டுபிடித்துவிட்டார். "அப்போ வெளிநாட்டுக்கு அனுப்பின காசு தண்டம்தானே சார்?" என்றார். முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. பட்டை ஒட்டிய பழைய பாயிண்ட் இப்போது கூட்ஸ் யார்டில் ஐந்தாம் எண்ணாக உட்கார்ந்திருக்கிறது. பித்தளைத் துண்டு பக்கத்தில் ஒரு ஆணியில் தொங்குகிறது. புதிதாக எந்த வேகன் வந்தாலும் பேரன் முதலில் அதில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பாதையில் ஏற்றுகிறான்.